வளையாத படகு

ஜன்னலைச் சாத்தட்டுமா? காத்து உங்க முகத்துல அடிக்குது. வேண்டாமா? சரி, இருக்கட்டும். எனக்கும் இந்தப் பாலம் தாண்டுற வரைக்கும் திறந்திருந்தா நல்லதுதான்.

முட்டுக்காட்டுப் பாலம்ங்க இது. அந்தப் பக்கம் பாருங்க, சிவப்பு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு ஜனங்க மிதிபடகுல சுத்துதுங்க. அதுக்கும் உள்ள தள்ளி, சவுக்கு மரம் நிக்குதே, அங்க ஒரு தகரக் கொட்டகை இருந்தது. இப்போ இல்லை, இடிச்சுட்டாங்க. அதுதான் எங்க படகுச் சங்கம். சங்கம்னதும் பெரிய மனுஷங்க வர்ற கிளப்புன்னு நினைச்சுக்காதீங்க. மழை பெஞ்சா படகுக்குப் பாதி, எங்களுக்குப் பாதின்னு இடம் பிரிச்சுக்கிட்டு நிப்போம்.

நான் அங்க ஆறு வருஷம் துடுப்பு போட்டேன். மிதிபடகு இல்லைங்க, போட்டிப் படகு. நேஷனல்ஸ் போக வேண்டியவ நான். ஏன் சிரிக்கிறீங்க? இப்போ உடம்பு போட்டுடுச்சு. அப்போ பார்த்திருக்கணும்.

நீங்க பாண்டிச்சேரி வரைக்குமா? நல்லது. நேரம் இருக்கு. யார் சரி, யார் தப்புன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சவங்ககிட்ட எல்லாம் சொல்லிப் பார்த்துட்டேன். ஒருத்தரும் நேரா பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க.

எங்களது ரெண்டு பேர் படகு. ஆளுக்கு ஒரே ஒரு துடுப்பு. அவளுக்கு ஒரு பக்கம், எனக்கு மறுபக்கம். படகு எவ்வளவு ஒல்லின்னா, தும்மினா கூட ஆடும். படகு போற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உக்காரணும். அவ எனக்கு முன்னால, நான் அவளுக்குப் பின்னால. ஆக எனக்குத் தெரியுறது கரையும் இல்லை, தண்ணியும் இல்லை. பிலோவோட முதுகு.

பிலோமினாங்க பேரு. இதோ இப்போ வருமே கோவளம், அந்தக் குப்பத்துப் பொண்ணு. அப்பா கட்டுமரக்காரரு. நான் பெரம்பூர். அப்பா ரயில்வே. விடியறதுக்கு முன்னாடி கிளம்பி ரெண்டு பஸ் மாறி வருவேன். அவ தூங்கி எழுந்து நடந்து வந்துடுவா. வந்ததும் பல் விளக்கலைன்னு சொல்லிச் சிரிப்பா. அப்படி ஒரு அலட்சியம். ஆனா துடுப்பைக் கையில எடுத்துட்டா வேற ஆளு.

அவ முதுகு எனக்கு மனப்பாடம்ங்க. இடது தோள்பட்டைக்குக் கீழ ஒரு மச்சம். மூச்சை இழுக்குறதுக்கு முன்னாடி கழுத்து கொஞ்சம் உள்ள போகும். கழுத்து உள்ள போச்சுன்னா அடுத்த நொடி கை முன்னால நீளும்னு அர்த்தம். நானும் நீட்டுவேன். அவ எவ்வளவு சாயுறாளோ அவ்வளவு சாய்வேன். உயரத்துல அவ என்னைவிட ரெண்டு விரல் கூட. அதனால நான் கொஞ்சம் எக்கித்தான் சாயணும். இடுப்பு வலி அப்போ பிடிச்சதுதான். இன்னும் இருக்கு. பரவாயில்லை.

எங்க கோச் வரதப்பன் சாரு. நேவில இருந்து வந்தவரு. மீசை கூட ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இருக்கும். அவரு கரையில நின்னு பார்க்க மாட்டாரு. இந்தப் பாலத்து மேல ஏறி நின்னுதான் பார்ப்பாரு. மேலேர்ந்து பார்க்கையில ரெண்டு தலையும் ஒண்ணா ஆடணும், ரெண்டு துடுப்பும் ஒரே கோணத்துல எழும்பணும், ஒரே கோணத்துல சாயணும். 'ரெண்டு பேர் உக்காந்திருக்கீங்கன்னே எனக்குத் தெரியக் கூடாது'ம்பாரு. பார்க்க ஒண்ணா இருந்தா வேகம் தானா வரும்னு அவரு நம்பிக்கை. நானும் அதேதான் நம்பினேன். இப்பவும் நம்புறேன். அவருதான் மாறிட்டாரு.

எங்களைப் பார்க்கன்னே பாலத்துல வண்டியை நிறுத்துவாங்க தெரியுமா? கொட்டகை வாட்ச்மேன் எங்களைக் கார்பன் காப்பின்னுதான் கூப்பிடுவாரு. 'இதுல எதும்மா ஒரிஜினலு?'ன்னு கேட்பாரு. பிலோ சிரிப்பா. அவ சிரிக்க ஆரம்பிச்சதும் நானும் சிரிப்பேன்.

படகுல மட்டும்னு இல்லைங்க. அவ ரெட்டைப் பின்னல் போட்டா நானும் ரெட்டைப் பின்னல். அவ முடியை வெட்டிக்கிட்டு வந்து நின்னா, மறுநாளே நானும் வெட்டிக்கிட்டேன். எங்கம்மா ஒரு வாரம் பேசலை. அவ காபியை விட்டுட்டா, நானும் விட்டுட்டேன். அவங்க மாதா கோயில்ல வெள்ளிக்கிழமை கறி சாப்பிடக் கூடாதுன்னு நாப்பது நாள் விரதம் வரும். எங்க வீட்ல வெள்ளிக்கிழமை என்னைக்குக் கறி எடுத்தாங்க? அதனால நான் புதன்கிழமையும் சேர்த்து விட்டேன். படகுல ஒண்ணா இருக்கணும்னா வெளியில ஒண்ணா இருந்தாத்தானே வரும்? நான் சொல்றது சரிதானே?

எனக்கு ஒரு வரன் வந்தது அப்போ. மாப்பிள்ளை கோயமுத்தூர். நல்ல வேலை. எங்கப்பா ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சு கொண்டு வந்தாரு. கோயமுத்தூர்ல ஏதுங்க இந்த மாதிரி தண்ணி? முடியாதுன்னுட்டேன். பிலோகிட்ட வந்து சொன்னேன். 'எனக்காகவாடி வேண்டாம்ன?'னு கேட்டா. 'படகுக்காக'ன்னேன். அவ துடுப்பைத் துணியால துடைச்சுக்கிட்டே இருந்தா. சந்தோஷத்துல பேச்சு வரலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஜெயிச்சீங்களான்னு கேக்குறீங்க. எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்குறாங்க. மூணாவது, நாலாவது வருவோம். ஒரு தடவை ரெண்டாவது வந்தோம். அன்னைக்கு ரெண்டு படகுதான் வந்திருந்தது, அது வேற விஷயம். ஆனா போட்டோக்காரங்க எங்களைத்தான் எடுப்பாங்க. ஜெயிச்சவங்களைப் பேப்பர்ல எழுத்துலதான் போடுவாங்க, எங்களைப் படமா போடுவாங்க.

முக்கியமான விஷயத்தைச் சொல்ல மறந்துட்டேனே. எங்க படகு வளையாது.

அது என்ன பெரிய விஷயம்னு பார்க்குறீங்களா? இந்த ரெண்டு பேர் படகுல இருக்கிற கஷ்டமே அதுதான். ஆளுக்கு ஒரு பக்கம் ஒரே துடுப்பு இல்லையா, ஒருத்தி கொஞ்சம் கூட இழுத்துட்டா படகு மத்தவ பக்கம் திரும்பிடும். அதைச் சரி பண்றதுக்காகப் படகுக்கு அடியில சின்னதா ஒரு சுக்கான் இருக்கும். அதோட கயிறு காலுக்குப் போகும். கால் விரலால திருப்பிக்கிட்டே ஓட்டணும். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவாங்க. எங்களுக்கு அது தேவையே படலை. நூல் பிடிச்ச மாதிரி போகும். வரதப்பன் சார் அந்தச் சுக்கானைக் கழட்டிக் கொட்டகையில ஆணியில மாட்டிட்டாரு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதைக் காட்டி, 'இந்தப் பொண்ணுங்களுக்கு இது வேண்டாம்'னு சொல்வாரு. எனக்கு உடம்பெல்லாம் பூரிச்சுப் போகும். அதுக்கு என்ன அர்த்தம்? அவ எவ்வளவு இழுக்குறாளோ, நானும் அவ்வளவு இழுக்குறேன்னு அர்த்தம். வேற என்ன அர்த்தம் இருக்க முடியும், சொல்லுங்க?

இந்த நேரத்துலதான் பேச்சியம்மா வந்து சேர்ந்தா.

போலீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேர்ந்தவ. அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஏதோ ஊரு. கபடி ஆடிக்கிட்டிருந்தவளைக் கொண்டு வந்து படகுல உக்கார வெச்சுட்டாங்க. ஆளு பனைமரம். கை ரெண்டும் முட்டிக்குக் கீழ தொங்கும். துடுப்பு போடுறதைப் பார்க்கணுமே. கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி இழுப்பா. ஒவ்வொரு இழுப்புக்கும் தலையை ஒரு பக்கமா வெட்டுவா. முழங்கை ஒண்ணு வெளியில போகும். எனக்குப் பார்க்கவே கூசும்.

நான்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். முதுகை நேரா வை, முழங்கையை உள்ள வைன்னேன். ரெண்டு நாள் முயற்சி பண்ணினா. அப்புறம் வந்து, 'யக்கா, கோச்சுக்காதிய. எனக்கு ஒங்கள மாதிரி அழகா வராதுக்கா. பிடிச்சு இழுக்கத்தான் தெரியும்'னா. நல்ல பொண்ணுதான். அவ மேல எனக்குக் கோபம் இல்லை. இருக்கு, ஆனா கொஞ்சம்தான்.

அந்த வருஷம் ஹைதராபாத்ல நேஷனல்ஸ். எங்க சங்கத்துலேர்ந்து ஒரே ஒரு பெண்கள் படகு போகலாம். இத்தனை நேரத்துக்குள்ள வந்தாத்தான் அனுப்புவோம்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. எங்க நேரம் கொஞ்சம் கூடவே இருந்தது. கொஞ்சம்தான். வரதப்பன் சார் ரெண்டு நாள் மீசையை முறுக்கிக்கிட்டு நடந்தாரு. அப்புறம், 'ஆளை மாத்திப் பார்ப்போம்'னாரு.

இது ரோயிங்ல வழக்கமா பண்றதுதாங்க. ஒருத்தியை அப்படியே வெச்சுக்கிட்டு, கூட உக்கார்ற ஆளை மட்டும் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. யாரு உக்காந்தா படகு வேகமா போகுதோ, அவளுக்கு இடம். எட்டு பேர் படகுல பண்ணுவாங்க, நியாயம். எங்க படகுல போய் அதைப் பண்ணுவாங்களா? தாலி கட்டினவங்களைப் பிரிச்சு வேற ஆளோட நிக்க வெச்சுப் பார்க்குற மாதிரி இல்லையா அது? பிலோ வேண்டாம்னு சொல்லுவான்னு நினைச்சேன். அவ பாட்டுக்குத் தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னா.

முதல்ல நாங்க போனோம். சொல்றேன் கேளுங்க, அன்னைக்கு மாதிரி நாங்க என்னைக்குமே போனதில்லை. அவ கழுத்து உள்ள போகுது, என் கை நீளுது. அவ மச்சம் முன்னால போகுது, நான் முன்னால போறேன். படகு ஒரு விரக்கடை வளையலை. பாலத்து மேல நின்னவங்க கை தட்டினாங்க. ஒரு பஸ்ஸே நின்னுது. இந்த மாதிரி பாண்டிச்சேரி பஸ்ஸுதான்.

கரைக்கு வந்து இறங்கினேன். பேச்சி என் சீட்டுல உக்காந்தா. ஆணியிலேர்ந்து சுக்கானை எடுத்து மாட்டினாங்க. எனக்கு அழுகையா வந்தது. வெளியில காட்டிக்கலை.

விசில் அடிச்சாங்க. கிளம்பினதுமே படகு மூக்கு கரைப்பக்கம் திரும்பிடுச்சு. பேச்சி சுக்கானை மிதிச்சா, அந்தப் பக்கம் போச்சு. மறுபடி இந்தப் பக்கம். சாரைப்பாம்பு போற மாதிரி போகுது. ஒருத்தி தலை இப்படி, ஒருத்தி தலை அப்படி. ரெண்டு பேரும் வேற வேற ஊருக்குப் போற மாதிரி இருந்தது. நான் கரையில நின்னு சிரிச்சேன். கொஞ்சம் சத்தமாவே சிரிச்சேன்.

சார் கையில இருந்த கடிகாரத்தைப் பார்த்தாரு. காதுல வெச்சுப் பார்த்தாரு. ஓடுது. 'இன்னொரு தடவை ஓட்டுங்க'ன்னாரு. அவங்க மூச்சு வாங்குறதுக்குள்ள மறுபடி ஓட்டினாங்க. மறுபடியும் அப்படித்தான். நேரத்தைக் கணக்குப் பார்த்தா எங்களைவிட மூணு படகு நீளம் முன்னாடி. அவ்வளவு கோணலா போயி, அவ்வளவு தூரம் வீணா சுத்தி, அப்பவும் எங்களைவிட வேகம்.

எனக்குப் புரியலைங்க. இப்பவும் புரியலை. நேரா போறவன் முன்னாடி போவானா, கோணலா போறவன் போவானா?

அந்த ரெண்டாவது ஓட்டத்துக்குத்தான் சார் முதல் தடவையா பாலத்தை விட்டு இறங்கி, தண்ணியில முழங்கால் அளவுக்கு நின்னு, குனிஞ்சு பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் என்கிட்ட வந்து, 'இவங்க உடம்பு எப்படி ஆடினா என்னம்மா, துடுப்பு ரெண்டும் ஒரே நேரத்துல தண்ணியைப் பிடிக்குது, ஒரே நேரத்துல பாரம் ஏறுது'ன்னாரு. அப்போ நாங்க என்ன சார், நாங்களும் ஒண்ணாத்தானே போடுறோம்னேன். 'இல்லம்மா. நீ அவ போடுறதைப் பார்த்துட்டுப் போடுற. மேலேர்ந்து பார்த்தப்போ எனக்கு அது தெரியலை'ன்னாரு. பார்க்காம எப்படி ஒண்ணா போடுறது, சொல்லுங்க? அந்தப் பேச்சி எதைப் பார்த்துப் போட்டா? கேட்டேன் அவளை. 'படகு காலுக்கு அடியில சொல்லும்லாக்கா'ன்னா. படகு சொல்லுமாம். என்கிட்ட ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லை.

இது எல்லாத்தையும் கூட நான் பொறுத்துக்கிட்டிருப்பேன். அடுத்து நடந்ததுதான் என்னால ஆறலை.

பிலோ படகை விட்டு இறங்கினா. நிக்க முடியலை. ஈர மண்ணுல அப்படியே மண்டி போட்டு வாந்தி எடுத்தா. முகமெல்லாம் சிவந்து கிடக்கு, மூச்சு இழுக்குது. ஆறு வருஷத்துல அவளுக்கு அப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. நான் என்னவோ ஆயிடுச்சுன்னு பதறிப் போய் முதுகைத் தடவி விடுறேன். அவ நிமிர்ந்து பார்த்து, சிரிக்கிறா. என்னைப் பார்த்து இல்லை. சாரைப் பார்த்து. 'இன்னைக்குத்தான் சார் துடுப்பை முழுசா வலிச்சேன்'ங்கிறா.

நான் தடவிக்கிட்டிருந்த கையை எடுத்துட்டேன்.

அப்போ என்கூட? அப்படின்னு கேட்டேன். ஆறு வருஷமா என்கூட என்னடி பண்ணினன்னு கேட்டேன். 'நான் முழுசா வலிச்சா படகு வளையும்டி'ன்னா. வளைஞ்சா வளையட்டும்னு விட வேண்டியதுதானேன்னேன். 'உனக்குப் பிடிக்காதே'ன்னா.

பார்த்தீங்களா? எனக்குப் பிடிக்காதாம். நான் அங்க இடுப்பு ஒடிய, மூச்சு முட்ட, கண்ணு இருட்ட முழுசா இழுத்துக்கிட்டிருக்கேன். அவ முன்னால உக்காந்துக்கிட்டுப் பாதி இழுத்திருக்கா. ஆறு வருஷம். ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை. இவளும் இழுக்குறா, நாமளும் இழுக்குறோம்னு நான் நம்பிக்கிட்டிருந்திருக்கேன். இது துரோகமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. சோம்பேறித்தனம்னாவது சொல்லலாமா, கூடாதா?

ஏன் அப்படி பண்ணினான்னா? அது எனக்கு எப்படித் தெரியும்? அவளைத்தான் கேக்கணும். நீங்க என்னங்க, அவ பக்கம் பேசுற மாதிரி கேக்குறீங்க.

இல்லை, கோபம் இல்லை. பேசுங்க. தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க.

அவங்க ரெண்டு பேரும் ஹைதராபாத் போனாங்க. மூணாவது வந்தாங்க. மெடல். பேப்பர்ல போட்டோ வந்தது. பார்க்கச் சகிக்கலை. பிலோ வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கா, பேச்சி தலை எங்கேயோ போகுது. எங்க போட்டோவைப் பக்கத்துல வெச்சா யாரா இருந்தாலும் எங்களுக்குத்தான் மெடல் குடுப்பாங்க. சார்கிட்ட சொன்னேன் இதை. 'அழகுக்கு மெடல் கிடையாதும்மா'ன்னுட்டாரு. யாரு சொல்றது பாருங்க.

அவருக்கு என் மேல பாவமா இருந்திருக்கணும். ஒத்தைப் படகு ஒண்ணு குடுத்தாரு. ஒரே ஆளு, ரெண்டு கையிலயும் ரெண்டு துடுப்பு. 'உனக்கு நல்ல டெக்னிக் இருக்கும்மா, நீ தனியா ஓட்டு'ன்னாரு. நானும் வைராக்கியமா போனேன். இவளுங்க இல்லாம நாம ஜெயிச்சுக் காட்டணும்னு.

கரையிலேர்ந்து தள்ளி விட்டாங்க. நடுத்தண்ணிக்கு வந்துட்டேன். துடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். முன்னால யாரும் இல்லை. வெறும் தண்ணி, அதுக்கு அந்தப் பக்கம் கரை. உக்காந்தேன். உக்காந்துக்கிட்டே இருந்தேன். சார் அங்கேர்ந்து 'போம்மா'ன்னு கத்துறாரு. போகணும்னுதான் நானும் நினைக்கிறேன். எப்போ ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. இப்போவா, இன்னும் கொஞ்சம் கழிச்சா? கை நீளவே மாட்டேங்குது. அந்தப் படகுல ஏதோ கோளாறுங்க. சக்கரம் வெச்ச சீட்டு சரியா நகரலைன்னு நினைக்கிறேன். தண்ணி என்னை இழுத்துக்கிட்டுப் போய்ப் பாலத்துத் தூண்ல கொண்டு போய் மோதிடுச்சு.

பிலோதான் வந்தா. வேற படகு எடுத்துக்கிட்டு வந்து, என் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போனா. பாதி வழியில நின்னு, 'நீ உன் பாட்டுக்குப் போடி வேணி. எப்படி வருதோ அப்படிப் போடு. கோணலா போனா போகட்டும்'னா. என் பாட்டுக்குன்னா என்னன்னு எனக்குக் கேக்கணும்போல இருந்தது. கேக்கலை. அதுக்கப்புறம் நான் அந்தக் கொட்டகைப் பக்கம் போகலை, அவகிட்ட பேசவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தது, போகலை. சர்ச்சுல எப்போ எழுந்திருக்கணும், எப்போ உக்காரணும்னு எனக்குத் தெரியாதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்.

இப்போ நான் ஸ்கூல்ல பி.டி. டீச்சர். எங்க பிள்ளைங்க மார்ச் பாஸ்ட் பார்க்கணும் நீங்க. ஒரு கால் முன்ன பின்ன இருக்காது. மண்டல அளவுல வருஷா வருஷம் எங்களுக்குத்தான் ஷீல்டு. ஓட்டப்பந்தயம், ரிலே இதுலதான் ஒண்ணும் வர்றதில்லை. அது பிள்ளைங்க காலையில சரியா சாப்பிடாம வர்றதால.

வீட்ல நான் ஒருத்திதான். அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. காலையில எதிர் வீட்டுல குக்கர் விசில் வந்ததும் நானும் எழுந்து அடுப்பைப் பத்த வைப்பேன். ராத்திரி அவங்க லைட்டை அணைச்சா நானும் அணைச்சுடுவேன். நல்லாத்தான் போயிட்டிருக்கு. போன மே மாசம் அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. அந்தப் பத்து நாள் என்ன பண்ணினேன்னே எனக்கு ஞாபகம் இல்லைங்க. ஒரு நாள் மத்தியானம் வரைக்கும் படுக்கையிலேயே கிடந்திருக்கேன். ஜுரம் இல்லை, ஒண்ணும் இல்லை. தனியா இருக்கிறது கஷ்டமாத்தான் இருக்கு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியலை.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி போன் வந்தது. புது நம்பர். எடுத்தா, 'வேணி'ங்கிறா. ஒரு வார்த்தைதான். இருபத்தி ரெண்டு வருஷம் கழிச்சு. பேச்சிதான் எங்க ஸ்கூலைத் தேடிப் பிடிச்சு நம்பரை வாங்கிக் குடுத்தாளாம். அவ இப்போ இன்ஸ்பெக்டராம். பிலோவோட வீட்டுக்காரர் தவறிப் போய் ஒரு வருஷம் ஆச்சாம். மகன் கப்பல் வேலையில இருக்கானாம். 'நானும் தனியாத்தான்டி இருக்கேன். கடப்பாக்கம். வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ'ன்னா. நான் போனை இந்தக் காதுலேர்ந்து அந்தக் காதுக்கு மாத்தினேன். 'என்மேல இன்னும் கோவமா?'ன்னா. ஆமான்னு சொல்லணும்னு எவ்வளவு வருஷமா வெச்சிருந்தேன் தெரியுமா? 'என்ன குழம்பு?'ன்னு கேட்டுட்டேன். அவ அழுதுட்டா. அவ அழுததும் எனக்கும் வந்துடுச்சு.

ஆமாங்க, அங்கதான் போறேன். கடப்பாக்கத்துக்கு. பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்கா. துரோகத்தைப் பத்தி நேருக்கு நேரா கேட்டுடுவேன். சோறு தின்னதுக்கப்புறம் கேப்பேன். கேக்காமயும் இருக்கலாம், பார்ப்போம்.

கண்டக்டர் என்ன சொல்றாரு? கடப்பாக்கமா? அதுக்குள்ள வந்துடுச்சா?

அதோ நிக்கிறா. அந்த மஞ்சள் புடவை. முடி எல்லாம் நரைச்சுப் போச்சு பாருங்க. ஒவ்வொரு ஜன்னலா பார்த்துக்கிட்டு வர்றா பாருங்க. என்னைத் தாண்டிப் போயிட்டா. கண்டுபிடிக்கலை. எப்படிக் கண்டுபிடிப்பா, அவளுக்கு நான் எப்பவுமே பின்னாலதானே.

இறங்கணும். இறங்குறேன். இருங்க.

என்னங்க இது, பஸ்ஸுல இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க. கடப்பாக்கத்துக்கு ஒருத்தர் கூட இல்லையா? போன ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான். அவ இதே மாதிரி நின்னுக்கிட்டிருந்தா. யாரும் எழுந்திருக்கலை, பஸ் கிளம்பிடுச்சு, நான் பாண்டிச்சேரி வரைக்கும் போய்த் திரும்பினேன். பஸ் கிடைக்கலைன்னு போன்ல சொன்னேன். பரவாயில்லடி, அடுத்த வாரம் வான்னா.

விசில் அடிக்கப் போறாரு. நீங்க ஒரு உதவி பண்ணுங்களேன். கொஞ்சம் எழுந்திருங்க. வழி விடுறதுக்காகச் சொல்லலைங்க. நீங்க எழுந்து அந்தப் படி வரைக்கும் நடங்க, போதும். நீங்க இறங்கக் கூட வேண்டாம். நடக்க ஆரம்பிச்சீங்கன்னா நான் அப்படியே பின்னால வந்துடுவேன்.